வாசகர் கேள்வி–பதில்: மைதா இல்லாத பீட்சா

முழுதானிய மாவில் வீட்டிலேயே பீட்சா செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பலரும் ஒரே குறையைத்தான் எழுதியிருக்கிறார்கள்: மாவு உப்பவில்லை, வெந்த பிறகு கடிக்க முடியவில்லை. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம். கீழே கப் என்பது 240 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி., தேக்கரண்டி 5 மி.லி. அளவு. மாவை மட்டும் முடிந்தவரை தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். கப்பில் அழுத்தி எடுப்பதற்கும் தளர்வாக எடுப்பதற்கும் 20, 30 கிராம் வித்தியாசம் வந்துவிடும்.

மைதா பீட்சா செய்முறையில் மைதாவுக்குப் பதிலாக அதே அளவு கோதுமை மாவு போட்டுச் செய்தேன். சூடாக இருக்கும்போதே அட்டை மாதிரி இருந்தது. ஆறியதும் பிய்க்கவே முடியவில்லை. என்ன தவறு? – வாசகி, தஞ்சாவூர்

மைதாவுக்கான தண்ணீர் அளவை அப்படியே கோதுமை மாவுக்கும் வைத்ததுதான் தவறு. 100 கிராம் மைதாவுக்கு 60 முதல் 65 மி.லி. தண்ணீர் போதும். சப்பாத்திக்கு வாங்கும் ஆட்டா மாவு 75 மி.லி. வரை கேட்கும், மில்லில் கொடுத்து அரைத்த மாவு இன்னும் கொஞ்சம் கூடக் கேட்கும். தவிடு மெதுவாகத்தான் ஈரத்தை இழுக்கும், ஆனால் நிறைய இழுக்கும். கல் திரிகையில் அரைபடும்போது மாவுச்சத்தின் மணிகளும் உடைகின்றன. உடைந்த மணி கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும். பிசையும்போது சரியாக இருக்கிறதே என்று தோன்றும் மாவு அரை மணி நேரத்தில் கெட்டியாகிவிடுவது இதனால்தான்.

இன்னொன்று, தவிட்டுத் துணுக்குகளுக்கு ஓரம் கூர்மை. மாவு உப்பும்போது காற்றைப் பிடித்துவைக்கும் குளூட்டன் என்ற கோதுமைப் புரத இழையை அவை அறுத்துவிடுகின்றன. அவற்றை முதலில் ஊறவைத்து மெத்தென்று ஆக்கிவிட்டால் இந்தப் பிரச்சினை பெருமளவு அடங்கும்.

எனவே இப்படிச் செய்யுங்கள். 9 அங்குல வட்டம் இரண்டுக்கு 250 கிராம் ஆட்டா, மொத்தம் 190 மி.லி. தண்ணீர், முக்கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். சர்க்கரை வேண்டாம், ஈஸ்ட்டுக்குத் தேவையான இனிப்பு ஆட்டாவிலேயே உருவாகிவிடும். முதலில் மாவில் 170 மி.லி. தண்ணீர் மட்டும் ஊற்றி, உலர்ந்த மாவு எங்கும் தெரியாத அளவுக்குக் கலந்து, மூடி 30 நிமிடம் வையுங்கள். இந்த அரை மணி நேரத்தைத் தவிர்த்தால் மற்ற எதைச் சரியாகச் செய்தாலும் பலன் பாதிதான். பிறகு மீதி 20 மி.லி. தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, அதில் ஈஸ்ட்டைக் கரைத்து மாவில் விட்டு, உப்பும் எண்ணெயும் சேர்த்து 6, 7 நிமிடம் பிசையுங்கள். தொடக்கத்தில் கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மாவு தூவாதீர்கள். உள்ளங்கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு தொடர்ந்து பிசைந்தால் தானாக வழவழப்பாகிவிடும். சப்பாத்தி மாவைவிட நன்றாகத் தளர்ந்து, போளிக்குப் பிசையும் மாவின் பதத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

அடுத்தது உப்பவிடுவது. மைதா மாவு இரண்டு மடங்காகும் வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஆட்டாவுக்கு ஒன்றரை மடங்கு போதும். அதற்கு மேல் விட்டால் இழை தாங்காமல் உள்ளே அமுங்கிவிடும், புளித்த வாடையும் வரும். 30 டிகிரி வெயில் நாளில் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் போதும். பாத்திரத்துக்கு வெளியே மாவு மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவைத்தால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தாலே தெரியும். பிறகு இரண்டு உருண்டையாக்கி, 15 நிமிடம் மூடிவைத்து, எண்ணெய் தடவிய கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டுங்கள். அரை செ.மீ. கனம் இருக்கட்டும். சப்பாத்திக் குழவியால் தேய்க்க வேண்டாம். உள்ளே சேர்ந்த காற்று முழுவதும் வெளியேறிவிடும், மறுபடி அட்டைதான்.

மாவைச் சலிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பூச்சி பார்க்கச் சலிக்கலாம். சல்லடையில் தங்கும் தவிட்டை மட்டும் திரும்ப மாவிலேயே கொட்டிவிடுங்கள். ஐதராபாத் தேசிய உணவூட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுப் பட்டியலின்படி 100 கிராம் ஆட்டாவில் நார்ச்சத்து 11 கிராமை ஒட்டி இருக்கிறது, மைதாவில் 3 கிராமுக்கும் குறைவு. புரதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மைதாவை விட்டு ஆட்டாவுக்கு வருவதில் நமக்குக் கிடைப்பதே அந்தத் தவிடும் முளையும்தான். அதைக் குப்பையில் போட்டுவிட்டு மாவு மாற்றியதில் என்ன பயன்?

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. தோசைக்கல்லில் செய்தால் அடி கருகுகிறது, மேலே சீஸ் உருகுவதே இல்லை. – வாசகி, விருதுநகர்

கனமான இரும்புத் தோசைக்கல்லும், அதற்குப் பொருந்தும் உயரமான மூடியும் இருந்தால் ஓவன் இல்லாத குறையே தெரியாது. மேல்சாமான் எல்லாவற்றையும் பச்சை மாவில் அடுக்கி வேகவைப்பதால்தான் கருகுகிறது. மேலே வெந்து வருவதற்குள் அடி தீய்ந்துவிடும்.

கல்லை மிதமான தீயில் 4 நிமிடம் காயவிட்டு, அரைத் தேக்கரண்டி எண்ணெய் தடவி, தட்டிய வட்டத்தை வெறுமையாகப் போடுங்கள். மூடி, இரண்டரை நிமிடம். மேற்பரப்பில் ஈரப் பளபளப்பு போய், அடியில் ஆங்காங்கே பழுப்புப் புள்ளி விழுந்ததும் திருப்புங்கள். இப்போது மேலே இருப்பது வெந்த பக்கம். தீயைக் குறைத்துவிட்டு, அதன்மேல் சாஸ், காய், சீஸ் என்று வரிசையாகப் போட்டு மூடி 5, 6 நிமிடம் விடுங்கள். மூடியின் உட்புறம் தண்ணீர் கோத்து பீட்சாமேல் சொட்டும். மூடியைச் சுத்தமான துணியால் சுற்றிக் கட்டி, துணி நுனிகளை மேலே முடிச்சிட்டு விட்டால் சொட்டாது. நுனி தீயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்ஸ்டிக் கல்லாக இருந்தால் வெறுங்கல்லைப் பெருந்தீயில் காயவிடவே கூடாது. 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். குக்கரில் உப்பு கொட்டிச் செய்யும் முறையும் வழக்கத்தில் இருக்கிறது, கேக்குக்கு ஒத்துவரும். பீட்சாவுக்குத் தேவையான அடிச்சூடு அதில் கிடைக்காது. தோசைக்கல்லே மேல்.

ஓ.டி.ஜி.யில் (சிறிய மின் ஓவன்) 180 டிகிரியில் 25 நிமிடம் வைத்தேன். ஓரம் கல்லாகிவிட்டது, நடுவில் நொசநொசவென்று இருக்கிறது. – வாசகர், ஓசூர்

180 டிகிரி கேக்குக்கு உரிய சூடு. பீட்சாவுக்கு உங்கள் ஓவன் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு வையுங்கள். பெரும்பாலான ஓ.டி.ஜி.யில் அது 230 அல்லது 250. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து விறகடுப்பில் சூடு 430 டிகிரிக்கு மேல் இருக்கும், ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெளியே வந்துவிடும். மாவின் ஈரம் ஆவியாவதற்கு நேரமே இருக்காது. நம் வீட்டு ஓவனில் அந்த வேகம் கிடைக்காது. அதனால் மாவில் கூடுதல் தண்ணீர் வைத்து, ஓவனில் இருக்கும் நேரத்தைக் குறைத்துத்தான் சமாளிக்க வேண்டும். குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைத்தால் மாவு வேகிறது என்பதைவிடக் காய்கிறது என்பதே சரி.

ஓவன் தட்டைக் குப்புறக் கவிழ்த்துக் கீழ்த்தட்டில் வைத்து, மேல் கீழ் இரண்டு கம்பியையும் போட்டு, 20 நிமிடம் காயவிடுங்கள். பேக்கிங் தாளில் தட்டிய வட்டத்தைத் தாளோடு அந்தச் சுடு தட்டின்மேல் நகர்த்துங்கள். நீங்கள் வாங்கிய தாள் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். சாஸ் மட்டும் தடவி 5 நிமிடம், பிறகு காயும் சீஸும் போட்டு 5 முதல் 7 நிமிடம். சீஸை ஆரம்பத்திலேயே போட்டால் எண்ணெய் பிரிந்து ரப்பராகிவிடும்.

நடுவில் நொசநொசப்பு வருவதற்கு ஓவன் மட்டும் காரணமில்லை. 9 அங்குல வட்டத்துக்குச் சாஸ் 3 மேசைக்கரண்டி போதும். பச்சைக் காளான், தக்காளி, சுரைக்காய் வகைகள் சூட்டில் நீர் விடும். காளானை எண்ணெய் இல்லாமல் வாணலியில் நீர் சுண்டும் வரை வதக்குங்கள். தக்காளி விதையை எடுத்துவிடுங்கள். கீரை என்றால் பொடியாக அரிந்து ஒரு நிமிடம் வதக்கிப் பிழிந்து போடுங்கள். குடைமிளகாயும் வெங்காயமும் மெல்லிசாக அரிந்தால் பச்சையாகவே போடலாம். காய்க்கு உப்பு தூவி ஊறவைத்தால் நீர் கோத்துக்கொள்ளும், உப்பைக் கடைசியில் தூவுங்கள். வெந்து வந்ததும் தட்டில் வைக்காமல் கம்பி வலைமேல் 2 நிமிடம் வைத்து வெட்டினால் அடி நமத்துப்போகாது.

கம்பு மாவிலோ கேழ்வரகு மாவிலோ முழுக்கச் செய்ய முடியுமா? தட்டினால் உதிர்கிறது. – வாசகி, தருமபுரி

சிறுதானியம் எதிலும் குளூட்டன் கிடையாது. வெறும் கம்பு மாவு உப்பாது, இழுத்தால் விரிசல் விடும். உப்பிய பீட்சாதான் வேண்டும் என்றால் ஆட்டா 175 கிராம், கம்பு 75 கிராம் என்ற அளவைத் தாண்டாதீர்கள். கம்பு மாவை அப்படியே கலக்காமல், 80 மி.லி. கொதிக்கும் தண்ணீரை அதில் ஊற்றிக் கரண்டிக்காம்பால் கிளறி, மூடி ஆறவிடுங்கள். இடியாப்ப மாவுக்குச் செய்கிற அதே வேலைதான். மாவுச்சத்து வெந்து பசையாகி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நன்றாக ஆறிய பிறகு ஆட்டாவும் 120 மி.லி. தண்ணீரும் சேர்த்து மேலே சொன்னபடி தொடருங்கள். சூட்டோடு ஈஸ்ட் சேர்த்தால் அது செத்துவிடும்.

கேழ்வரகுக்கு 60 கிராம் போதும். கூடினால் களிபோல் அடர்ந்துவிடும். கால்சியம் 100 கிராமுக்கு 360 மி.கி. அளவுக்கு இருக்கும் தானியம் என்பதால் குழந்தைகளுக்குச் செய்யும்போது இதையே தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைச் சோளம் மூன்றிலும் மிதமான ருசி, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நல்லது.

கம்பு மாவு வாங்கும்போது தேதி பாருங்கள். கம்பில் கொழுப்பு 5 சதவீதத்துக்கு மேல் உண்டு. அரைத்ததும் அந்தக் கொழுப்பு சிதையத் தொடங்கிவிடும், மாவு கசக்கும். தேவைக்கு மட்டும் அரைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்ப்பது நல்லது. பீட்சா கசந்தால் ஈஸ்ட்டைக் குறை சொல்வதற்கு முன் கம்பு மாவை நாக்கில் வைத்துப் பாருங்கள்.

சம்பா கோதுமை உடம்புக்கு நல்லது என்கிறார்கள். அதில் செய்யலாமா? – வாசகர், கோவில்பட்டி

செய்யலாம், ஆனால் கோதுமையின் குணம் அறிந்து செய்ய வேண்டும். சம்பா கோதுமை நாம் சப்பாத்திக்கு வாங்கும் கோதுமையிலிருந்து வேறான இனம். அதில் குளூட்டன் உண்டு, ஆனால் இழுத்தால் திரும்பி வரும் வலு குறைவு. கையில் தூக்கி விரிக்கப் பார்த்தால் கிழியும். பாதிக்குப் பாதி ஆட்டா கலந்து, தண்ணீரை 10 மி.லி. குறைத்து, பிசைவதை 4 நிமிடத்தோடு நிறுத்தி, தாளின்மேலேயே தட்டிவிடுங்கள். வாசனை அருமையாக இருக்கும்.

ஈஸ்ட் போட மனம் வரவில்லை. இட்லி மாவு, தயிர், சோடா உப்பு எதையாவது வைத்துச் செய்யலாமா? – வாசகி, காரைக்குடி

ஈஸ்ட் தீங்கான ரசாயனம் அல்ல, நுண்ணுயிர்தான். வேகும்போது அது செத்துவிடுகிறது. புளிக்கும் நேரத்தில் தவிட்டில் தாதுக்களைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் ஓரளவு சிதைவதால் இரும்பும் துத்தநாகமும் உடலில் சேர்வது எளிதாகிறது. அந்த லாபத்தை விட வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து. ஈஸ்ட்டைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்து, பிசைந்த மாவை மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தால் ருசியும் கூடும், ஈஸ்ட் வாடையும் இருக்காது. மறுநாள் வெளியே எடுத்து ஒரு மணி நேரம் கழித்துத் தட்டுங்கள்.

உடனே வேண்டும் என்றால் சோடா முறை இருக்கிறது. 250 கிராம் ஆட்டாவுக்கு நன்றாகப் புளித்த தயிர் 120 கிராம், சமையல் சோடா கால் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, பிசையத் தேவையான தண்ணீர். 20 நிமிடம் ஊறினால் போதும். இதில் மாவு ரொட்டிபோல் மெத்தென்று வரும், பீட்சாவின் இழுவை இருக்காது. சோடா கூடினால் சோப்பு ருசி அடிக்கும், மாவு மஞ்சள் கலந்த பழுப்பாகத் தெரியும்.

இட்லி மாவு சேர்த்தால் புளிப்பு வரும், உப்புவது கொஞ்சம்தான். ஆட்டாவில் கால் கப் புளித்த இட்லி மாவு சேர்த்து இரவு முழுக்க வெளியே வைக்கலாம். கோடையில் வைத்தால் காலையில் மாவு தளர்ந்து கூழாகிவிடும், அந்த மாதங்களில் வேண்டாம்.

கெட்சப் தடவாமல் சாஸ் எப்படி? ஓரிகானோவுக்கு நம் ஊரில் மாற்று உண்டா? – வாசகி, நாகர்கோவில்

உண்டு. உங்கள் வீட்டுத் தொட்டியிலேயே இருக்கக்கூடும். ஓரிகானோவின் மணத்துக்குக் காரணமான கார்வக்ரோல், தைமால் என்ற இரண்டு வாசனைப் பொருள்களும் கற்பூரவல்லியில் இருக்கின்றன. நடுத்தர இலை இரண்டைப் பொடியாக அரிந்து சாஸ் இறக்கும்போது போடுங்கள். அதற்கு மேல் போட்டால் கஷாய வாடை வந்துவிடும். கற்பூரவல்லி இல்லையா, ஓமம் கால் தேக்கரண்டியை உள்ளங்கையில் கசக்கிச் சேருங்கள், அதிலும் தைமால்தான். இத்தாலியர் பீட்சாமேல் போடும் பேசில் இலைக்கு நேர் உறவு நம் திருநீற்றுப்பச்சிலை. சர்பத்தில் ஊறப்போடும் சப்ஜா விதை இந்தச் செடியுடையதுதான். துளசி இதற்குப் பதிலாகாது, காரமும் கிராம்பு வாடையும் தூக்கலாக இருக்கும்.

சாஸுக்கு அரை கிலோ பெங்களூர் தக்காளி எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுத் தக்காளியில் புளிப்பும் நீரும் அதிகம், சுண்ட இரண்டு மடங்கு நேரம் ஆகும். தக்காளியின் அடியில் கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோல் உரித்துக் கையால் மசியுங்கள். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் 6 பல் பூண்டை நிறம் மாறாமல் வதக்கி, தக்காளி, அரைத் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் மிளகாய்த் தூள் போட்டு, திறந்த வாணலியில் மிதமான தீயில் வையுங்கள். கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் அந்தக் கோடு சட்டென்று மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். ஏறக்குறைய ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். புளிப்பு தாங்காவிட்டால் ஒரு சிறிய கேரட்டைத் துருவித் தக்காளியோடு வேகவிடுங்கள். கெட்சப்பில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று பாட்டிலின் பின்புறம் பாருங்கள், 20-க்கு மேல் இருப்பது சாதாரணம்.

எந்தச் சீஸ் வாங்குவது? சீஸே இல்லாமல் பீட்சா உண்டா? – வாசகர், வேலூர்

இரண்டாவது கேள்விக்கு முதலில். சீஸ் இல்லாத பீட்சா நேப்பிள்ஸிலேயே உண்டு. மரினாரா என்று பெயர். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். நேப்பிள்ஸ் பீட்சாவின் தரத்துக்கென அங்கே 1984-ல் தொடங்கப்பட்ட சங்கம் அசல் என்று ஏற்கும் இரண்டு வகைகளில் மரினாரா ஒன்று. சாஸ் நன்றாக அமைந்த நாளில் இதைச் செய்து பாருங்கள்.

சீஸ் வாங்குவதென்றால் உறையின் பின்புறம் படியுங்கள். பால், உப்பு, கல்ச்சர் (பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்), ரென்னட் (பாலைத் திரியவைக்கும் நொதி) என்று மட்டும் இருந்தால் அது மொசரெல்லா. தாவர எண்ணெய், ஸ்டார்ச் என்று வந்தால் அது சீஸைப்போலச் செய்யப்பட்ட வேறொன்று. கட்டியாகவும் ஸ்லைஸாகவும் விற்கும் பிராசஸ்டு சீஸில் பால் உண்டு, ஆனால் உருக்கும்போது சேர்க்கும் உப்புகளால் சோடியம் கூடுதல். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. ஒரு வட்டத்து மாவிலேயே 2 கிராம் போய்விடுகிறது.

9 அங்குலத்துக்கு 30 கிராம் மொசரெல்லாத் துருவலும் 40 கிராம் உதிர்த்த பனீரும் போதும். பனீர் உருகாது, காய்ந்து மணல்போல் ஆகும். உதிர்த்ததை ஒரு மேசைக்கரண்டி கெட்டித் தயிரில் பிசிறிப் போட்டால் மெத்தென்று இருக்கும். மொசரெல்லாவைத் துருவி 10 நிமிடம் ஃப்ரீசரில் வைத்துத் தூவினால் கட்டியாகச் சேராமல் பரவும், குறைந்த அளவே நிறைய இடத்துக்கு வரும்.

கடையில் மல்டிகிரெய்ன் பீட்சா பேஸ் கிடைக்கிறதே, போதாதா? ரவை பீட்சா நல்லதா? – வாசகி, திருப்பூர்

சேர்மானப் பட்டியலில் எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது நம் நாட்டு உணவு லேபிள் விதி. முதல் பெயர் சுத்திகரித்த கோதுமை மாவு என்று இருந்தால் அது மைதா பேஸ்தான், முன்பக்கம் எத்தனை தானியப் படம் போட்டிருந்தாலும். பழுப்பு நிறத்தை நம்பாதீர்கள், 150 என்ற எண்ணோடு கேரமல் நிறமி சேர்த்திருக்கலாம்.

வெள்ளை ரவையும் தவிடு நீக்கியதுதான். ரவை பீட்சா முழுதானியம் ஆகாது. சம்பா ரவை ஓரளவு பரவாயில்லை.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கோதுமை பீட்சா என்றால் கவலையின்றிச் சாப்பிடலாமா? – வாசகர், கும்பகோணம்

அப்படி நினைக்க வேண்டாம், ஐயா. முழுதானியமாக இருந்தாலும் நைஸாக அரைத்த மாவு இரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். கேழ்வரகும் கம்பும் இதற்கு விலக்கல்ல. மாவைப் பார்த்தால் மட்டும் போதாது, அளவையும் கூடச் சாப்பிடுவதையும் பார்க்க வேண்டும்.

நாங்கள் சொன்ன ஒரு வட்டத்தில் 125 கிராம் மாவு. ஆறு துண்டாக வெட்டினால் மூன்று துண்டு, 30 கிராம் மாவில் இட்ட சப்பாத்தி இரண்டுக்குச் சமம். உங்கள் இரவு உணவு இரண்டு சப்பாத்தி என்றால் மூன்று துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதலில் ஒரு கிண்ணம் வெள்ளரி, முட்டைக்கோஸ், தக்காளி சாலட்டும், வேகவைத்த பச்சைப்பயறு அல்லது கொண்டைக்கடலையும் சாப்பிட்டுவிட்டுப் பிறகு பீட்சாவுக்கு வாருங்கள். மேலே போடும் காய் ஒரு வட்டத்துக்கு 150 கிராம் இருக்கட்டும், வதக்கிப் போட்டால் அவ்வளவும் அடங்கும். மாவைத் தட்டும்போதே மூன்றில் ஒரு பங்கு குறைத்து மெல்லிசாகச் செய்யலாம், அடுப்பில் ஒரு நிமிடம் குறையும். முதல் முறை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவையுங்கள். இன்சுலின் போடுபவராக இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் அளவை மாற்றாதீர்கள்.

என் பேரனுக்கு சீலியாக் நோய். குளூட்டன் கூடாது. அவனுக்கும் பீட்சா ஆசை. – வாசகி, சேலம்

அம்மா, அவனுக்குச் சம்பா கோதுமை உட்பட எந்தக் கோதுமையும், பார்லியும் ஆகாது. ஓட்ஸில் கோதுமை கலந்திருக்க வாய்ப்பு அதிகம், அதையும் தவிருங்கள். மில்லில் கோதுமை அரைத்த கல்லில் சோளம் அரைத்து வாங்கினாலும் ஆபத்துதான். வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்துச் சலிப்பது பாதுகாப்பு. சப்பாத்திக்கல், பலகை, சல்லடை எல்லாம் அவனுக்குத் தனியாக இருக்கட்டும். பொடியில் பெருங்காயம் இருந்தால் அதன் சேர்மானத்தையும் பாருங்கள், கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது உண்டு.

ஒரு கப் வெள்ளைச் சோள மாவில் ஒரு மேசைக்கரண்டி இசப்கோல் உமி, கால் தேக்கரண்டி உப்பு கலந்து, ஒரு கப் கொதிநீர் ஊற்றிக் கிளறி, 15 நிமிடம் மூடிவைத்துப் பிசையுங்கள். குளூட்டன் செய்யும் வேலையை இசப்கோலின் வழவழப்பு ஓரளவு செய்யும். எண்ணெய் தடவிய வாழையிலையில் 7 அங்குலத்துக்குத் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, ஒரு நிமிடம் கழித்து இலையை உரித்தெடுங்கள். இருபுறமும் 3 நிமிடம் வெந்த பிறகே சாஸும் சீஸும். உப்பாது. ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் மெதுவாக இருக்கும்.

மாவு பிசையவெல்லாம் நேரமில்லை. வேலைநாளில் ஏதாவது சுருக்கமாக? – வாசகி, சென்னை

அடை மாவு. ஒரு கப் தினை, கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் கால் கப் வீதம், உளுந்து இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 3. காலையில் ஊறப்போட்டால் மாலையில் உப்புப் போட்டுக் கரகரவென்று அரைத்துக்கொள்ளலாம், புளிக்க வேண்டியதில்லை. ஊறும்போது குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். ஒன்றரைக் கரண்டி மாவை 6 அங்குலத்துக்குக் கனமாக விட்டு, ஓரத்தில் எண்ணெய் விட்டு மூடி வேகவைத்துத் திருப்பி, அதன்மேல் சாஸ், வதக்கிய காய், சீஸ். பருப்பு இருப்பதால் புரதத்தில் இது மற்ற எல்லாவற்றையும்விட ஒரு படி மேல். மாவு நீர்த்துவிட்டால் சாஸின் ஈரத்தில் நைந்துவிடும், இட்லி மாவைவிடக் கெட்டியாக இருக்கட்டும்.

விடுதியில் படிக்கும் மகன் வார இறுதியில் வருகிறான். பேஸை முன்கூட்டியே செய்து வைக்கலாமா? – வாசகி, திண்டுக்கல்

வைக்கலாம். தட்டிய வட்டத்தைக் கல்லில் இருபுறமும் ஒன்றரை நிமிடம், நிறம் பிடிக்காமல் வெள்ளையாகவே வேகவிட்டு எடுங்கள். துணியில் போட்டு முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே பனிக்கட்டி பிடிக்கும். இரண்டு வட்டத்துக்கு நடுவில் ஒரு பேக்கிங் தாள் வைத்து, காற்று வெளியேற்றிய உறையில் ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் நிற்கும். ஃப்ரீசருக்குப் பதிலாகக் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். அந்த மிதமான குளிரில்தான் வெந்த மாவு வேகமாக விறைக்கும், இரண்டே நாளில் வறட்டு ரொட்டியாகிவிடும்.

எடுத்ததும் கரையும் வரை காத்திருக்க வேண்டாம். இருபுறமும் ஈரக்கையால் தடவி, நேராகச் சூடான கல்லில் ஒரு பக்கம் 2 நிமிடம் போட்டுத் திருப்பி, மேல்சாமான் போட்டு மூடுங்கள். சாஸையும் ஐஸ் தட்டின் குழிகளில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளலாம், ஒரு வட்டத்துக்கு மூன்று கட்டி கணக்கு.